கம்பிக் கண்ணிக்கு ஒரு லைசென்ஸ்

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

என் மகன் அருண்பாண்டிக்கு அம்மா எழுதுவது. எனக்குக் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். நீ அந்த வெளிநாட்டுப் பனியில் விரல் விறைக்காமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருந்தால் எனக்குப் போதும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீதான் சில ஞாயிறுகளாகக் கூப்பிடவில்லையே, நான் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. அதோடு போனில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது. மலையாளம்தான் உனக்கு ஓடும், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய், அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனால் பாதியில் கோபப்பட்டு எழுந்து போக முடியாது.

கடைசியாகக் கூப்பிட்ட அன்றைக்கு நீ சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஹோட்டல் அடுக்களை வேலை முடிந்த பிறகு ஒரு வகுப்புக்குப் போகிறேன், ரோமத்தோல் உள்ள மிருகங்களை வேட்டையாடவும் பொறிவைத்துப் பிடிக்கவும் இங்கே பாடம் நடத்துகிறார்கள், பரீட்சையில் தேறினால் லைசென்ஸ் கார்டு தருவார்கள் என்றாய். பல்லால் மரத்தை அறுத்துத் தள்ளுகிற பீவர் என்றாய், கீரிபோல இருந்துகொண்டு மரம் ஏறுகிற இன்னொன்று என்றாய். எந்த மாதத்தில் எதைப் பிடிக்கலாம், எதைத் தொடவே கூடாது, வைத்த பொறியை எப்போது போய்ப் பார்த்தே ஆக வேண்டும், மிருகம் கிடந்து துடிக்காமல் எப்படிச் சட்டென்று உயிர் போக வேண்டும், எல்லாவற்றுக்கும் சட்டம் இருக்கிறது என்றாய். பொறியை மரப்பட்டை போட்டுக் கொதிக்க வைப்பார்களாம், இரும்பு வாசனையும் மனுஷ வாசனையும் போவதற்கு. 'அப்பா கம்பியைக் கஞ்சித்தண்ணியில கழுவுவாரே, அதேதாம்மா இதுவும்' என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்குமேல், குளிர்காலம் முழுக்கக் கூட்டாளியோடு காட்டுக்குள் இருப்பேன், அங்கே போன் கிடைக்காது என்றாய். அதற்கும் மேல், கார்டில் ஒச்சப்பன் என்பதை விட்டுவிட்டு வெறும் அருண்பாண்டி என்று போடச் சொல்லப் போகிறேன், அப்பா பேர் இங்கே யாருக்கும் வாயில் நுழையவில்லை என்றாய். பள்ளிக்கூடத்தில் உன்னைப் பட்டிபிடுத்தக்காரன் மகன், நாய் பிடிக்கிறவன் மகன் என்று கூப்பிட்டது போதாதா, தோல் உரிக்கவாடா உன்னை அவ்வளவு தூரம் அனுப்பினேன் என்று கத்தினேன். 'நீ சரின்னு சொல்லாம நான் பரீட்சைக்குப் போகமாட்டேம்மா, ஒரு வார்த்தை சொல்லு' என்றாய். நான் சொல்லவில்லை. நீ வைத்துவிட்டாய்.

அப்பா நாய் பிடித்தது உனக்குத் தெரியும், அது எப்படி நின்றது என்பது உனக்குப் பாதிதான் தெரியும், அப்போது நீ சின்னப் பையன். தெருநாய் பிடிக்கிற வேலையை ஒரு காண்டிராக்டர் எடுத்திருந்தான், அப்பா அவனிடம் கூலிக்குப் போனார். கையுறை கிடையாது, தடுப்பூசி கிடையாது, மூங்கில் கழி நுனியில் ஒரு கம்பிக் கண்ணி, அவ்வளவுதான் அவர் சொத்து. பிள்ளையை நாய் கடித்துவிட்டால் எல்லோரும் ஒச்சப்பா ஒச்சப்பா என்று தேடி வருவார்கள், பிடித்து முடித்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டால் தெருக்குழாயைக் காட்டுவார்கள். ஒருநாள் ஜூ டவுன் சந்தில் அவர் ஒரு நாயை இழுப்பதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். போலீஸ் வந்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், யார் உனக்கு அனுமதி கொடுத்தது, கார்டை எடு என்றது. அப்பா காண்டிராக்டர் பெயரைச் சொன்னார். அவன் வந்து நின்று, 'இவனை எனிக்கு அறியில்லா சாரே, இவன்மாரு தோணின மாதிரி பட்டியைப் பிடிக்கும்' என்றான். அப்பா சட்டைப் பையில் இருந்த வோட்டர் கார்டை எடுத்து நீட்டினார், கார்டு என்று அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். ஸ்டேஷனில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள், நான் வாசலில் நின்று கேட்டேன். நாய்களை அவர் தடவிக்கொடுத்துப் பிடித்தார் என்று நான் பொய் சொல்ல மாட்டேன், வலிக்கத்தான் செய்திருக்கும். ஆனால் அதற்குக் கூலி கொடுத்தவன் காரில் வீட்டுக்குப் போனான், கூலி வாங்கியவன் கோர்ட்டுக்கு அலைந்தான். பிறகு யாரும் அவரை எதற்கும் கூப்பிடவில்லை. மஞ்சள் காமாலை வந்து அவர் இறந்துபோனது உனக்குத் தெரியும். எனக்கு அந்தத் தொழில்மேல் கோபம் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது இங்கே நடந்ததைக் கேள். நான் சுக்கு பொறுக்குகிற கோடவுனுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே ஓட்டுக்கூரை என்பது நீ மறந்திருக்க மாட்டாய். அதற்குள் ஒரு மரநாய் குடிவந்திருந்தது, இங்கே மரப்பட்டி என்கிறார்களே, பூனையைப் பிடித்து இழுத்து நீட்டினது மாதிரி இருக்குமே, அது. சுக்கு மூட்டைகள்மேல் மூத்திரம் பெய்து ஒரு அடுக்கையே நாசமாக்கிவிட்டது. சுமை தூக்குகிற நாணு, நான் பிடிக்கிறேன் பார் என்று ஒரு கூண்டைக் கொண்டுவந்து மத்தி மீன் தலையை உள்ளே வைத்தான். விடிந்து பார்த்தால் பக்கத்துப் பழம்பொருள் கடைக்காரருடைய வெள்ளைப் பூனை உள்ளே உட்கார்ந்து சீறுகிறது. அவர் வந்து, 'எந்தா நாணு சேட்டா, என் பூச்சையையும் சுக்கோட சேர்த்துக் கப்பல்ல ஏத்தப் போறீங்களா?' என்று கேட்க, நாணுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதற்குப் பிறகு மேனேஜர் கல்யாணராமன் என்னைக் கூப்பிட்டார். 'செல்வி, நீ ஒண்ணு நோக்கு, நிங்கட ஆளுங்களுக்கு இதொக்கே ரத்தத்துல உள்ளதல்லே' என்றார். பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரத்தத்தில் இருப்பது இருக்கட்டும் சார், பேப்பரில் இருக்கிறதா, நாளைக்கு ஆள் வந்து கேட்டால் யார் பெயரைச் சொல்வீர்கள் என்று கேட்டேன். 'ஹோ, இவளுடெ ஒரு நாக்கு' என்றார். நாக்குதான் சார், அதை மட்டும்தான் நீங்கள் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, மரப்பட்டியைப் பிடிப்பது சட்டப்படி குற்றம், வனத்துறைக்குப் போன் செய்யுங்கள், இல்லையென்றால் நாளைக்கு நான் வரவில்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார்.

மறுநாள் அம்பிளி என்று ஒரு பெண் வந்தாள், உன்னைவிட ஒரு வயது இரண்டு வயது மூத்திருப்பாள். ஊருக்குள் வந்துவிடுகிற காட்டு ஜீவிகளைப் பிடித்துக் கொண்டுபோய் விடப் பயிற்சி முடித்து கார்டு வாங்கியவள், அந்தக் கார்டு கழுத்தில் தொங்கியது. கூண்டில் பூனை வாசனை அடிக்கிறது, கழுவ வேண்டும் என்றாள். நான் வீட்டிலிருந்து கஞ்சித்தண்ணீர் கொண்டுவந்து கழுவிக் கொடுத்தேன். மத்தியெல்லாம் வேண்டாம் என்று நன்றாகப் பழுத்த நேந்திரம்பழத்தை வைத்தாள். அடுத்த நாள் காலையில் மரநாய் உள்ளே சுருண்டு கிடந்தது. அருண், அப்போது நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். கல்யாணராமன் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குப் போட்டார். நாணு ஓடிப்போய் சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தான். எல்லோரும் அவளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அதே கம்பி, அதே கஞ்சித்தண்ணீர், அதே வாசல். அந்தக் கோடவுன் வாசலில் நாய் பிடித்தபோதும் அப்பாவுக்குத் தெருக்குழாயைத்தான் காட்டினார்கள். அவளுக்கு மரியாதை கிடைத்ததில் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை, நல்ல பெண், நானும் ஒரு தமாஷுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். 'கஞ்சிவெள்ளத்தில கழுவான் சேச்சிக்கு ஆரு படிப்பிச்சு தந்நது?' என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் என்றேன். அவருக்கு எந்த ஆபீசில் வேலை என்று கேட்டாள். அவருக்குக் கார்டு இல்லை என்று மட்டும் சொன்னேன். அந்தக் கார்டை ஒரு நிமிஷம் கொடு என்று வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்ன பிளாஸ்டிக். இது இல்லாமல்தானே ஒரு மனுஷனை அப்படிச் செய்தார்கள்.

மரநாயைக் காட்டில் விடக் கொண்டுபோய்விட்டார்கள். பொழுது சாயும்போது அது ஓட்டுக்கடியில் ஓடத் தொடங்கும், நான் அடுப்படியில் இருந்துகொண்டே அதைத் திட்டுவேன், இறங்கிப் போடி, உனக்கு வேறு வீடே கிடைக்கவில்லையா என்பேன். அது போன பிறகுதான் தெரிகிறது, இந்த வீட்டில் நான் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தது அதனிடம் மட்டும்தான். உன் போனும் வரவில்லை, மேலேயும் சத்தம் இல்லை. சென்ற ஞாயிறு உட்கார முடியாமல் போர்ட் கொச்சிக்கு நடந்து போய் வைப்பின் தீவுக்குப் போகிற படகில் ஏறினேன். அங்கே போய் இறங்கி என்ன செய்வது, அதே படகில் திரும்பி வந்தேன். டிக்கெட் கொடுக்கிறவர், 'சேச்சிக்கு எவிடேக்கா போகண்டது?' என்று கேட்டார். எங்கே போக வேண்டுமாம் எனக்கு. வைத்த பொறியைத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது என்றாயே, விட்டுவிட்டுப் போன அம்மாவைப் போய்ப் பார்க்கவும் அவர்கள் ஒரு சட்டம் போட்டிருக்கலாம். இதை உன்னைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொன்னேன்.

சரி. நீ கேட்ட வார்த்தையை எழுதிவிட்டேன், திரும்ப ஒருமுறை கூட்டிப் படித்துக்கொள். பரீட்சைக்குப் போ. குளிர்காலம் முழுக்க உன் குரல் கேட்காமல் நான் இருந்துகொள்வேன், அதைப் பற்றி நீ யோசிக்காதே. பொறி வைக்கும்போது கையுறை போட்டுக்கொள், அவசரத்தில் கையை உள்ளே விடாதே. குட்டி போட்டதைத் தொடாதே. பிடித்ததைத் துடிக்க விடாதே, அதில் அப்பா மாதிரி இருக்க வேண்டாம், அவரைவிட நன்றாகச் செய். கூட்டாளியோடு போகிறவன் தனியாக எங்கும் நடக்காதே. காட்டிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு வரி எழுதிப் போடு, தமிழில் எழுது, தப்புத்தப்பாக இருந்தாலும் எனக்குப் புரியும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கார்டில் முழுப் பெயரையும் போடச் சொல். அவர்கள் வாயில் நுழையாவிட்டால் எழுத்துக்கூட்டட்டும், நீ இப்போது எனக்காகக் கூட்டவில்லையா. அரசாங்கம் அச்சடித்த கார்டில், கண்ணி வைக்க உரிமை உள்ளவன் என்று, ஒச்சப்பன் பெயர் ஒருமுறையாவது இருக்கட்டும். வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு, அந்த ஸ்டேஷன் வாசலில் போய் நின்று நான் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

நம் குலசாமி உன் கை கால்களுக்குத் துணையிருக்கட்டும். காட்டுக்குப் போகும் முன் காதை மூடுகிற தொப்பி வாங்க மறக்காதே.

உன் அம்மா,
பாண்டிச்செல்வி ஒச்சப்பன்.