நடுவில் இருந்த வெளிச்சம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்துப்போக வருவதாகச் சித்தியிடம் சொன்னாயாம். வர வேண்டாம், அம்மா.

சித்தியின் ஆய்வுக்கூடத்துக்கு, விண்மீன் திரள்கள் கூட்டமாக இருக்கும் இடங்களை எக்ஸ்ரேயில் எடுத்த படங்கள் வருகின்றன. திரள்களுக்கு இடையே கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் வாயு பரவிக் கிடக்கிறது. அதை அளப்பதற்கு முன், வாயுவைச் சேராமல் குறுக்கே மின்னும் வேறு புள்ளிகளைப் படத்திலிருந்து வெட்டிவிட வேண்டும். கணினி புள்ளிகளுக்கு வட்டம் போடும். அது சரிதானா என்று பார்ப்பது என் வேலை.

முதல் வாரம், வாயுவே திரண்டு ஒளிர்ந்த நடுப்பகுதியையும் வெட்டிவிட்டேன்.

"கல்யாண வீட்ல மாப்பிள்ளையையே வெளிய அனுப்பிட்டியேடி," என்றாள் சித்தி. "சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு."

"அப்ப வாயத் திறந்து கேட்டா என்ன?"

பள்ளியில் நான் கடைசியாகக் கேள்வி கேட்டு, வகுப்பே சிரித்த அந்த நாளுக்குப் பிறகு நான் எங்கே வாய் திறந்தேன், அம்மா?

நேற்று மறுபடியும் ஒரு வட்டத்தில் சந்தேகம் வந்தது. அறை நிறைய ஆட்கள். இருந்தும் கேட்டுவிட்டேன். "இது வாயுதானே? வெட்ட வேணாமே?"

எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் திரைக்கு முன்னால் வந்தார்கள். வேறொரு தொலைநோக்கியின் படத்தோடு ஒப்பிட்டார்கள். நான் சொன்னது தப்பு. அது வெறும் புள்ளிதான். "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சும்மா," என்று ஒருவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். யாரும் சிரிக்கவில்லை, அம்மா.

இங்கே பக்கத்தில் ஒரு பள்ளி இருக்கிறது. நானே போய், நானே பேசி விசாரித்துவிட்டேன். பீரோவில் இருக்கும் என் மாற்றுச் சான்றிதழை அனுப்பிவை.

இனிமேல் கேட்கப்போகிற,
உன் இளைய மகள்