கேட்காமல் போட்ட வரி

டீச்சர்,

நேற்று ஆரியசாலை மொத்தக் கடையில் தேயிலை மூட்டையைப் பிரித்தார்கள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கரமனை வீட்டில் நீங்கள் பிள்ளைகளுக்குச் சரித்திரம் நடத்த, அடுக்களையில் காய் நறுக்கியபடி நான் கேட்டுக்கொண்டிருந்த நாள் நினைவுக்கு வந்தது.

அமெரிக்காக்காரர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய கதை. கடலுக்கு அப்பால் இருந்த இங்கிலாந்து ராஜாவுக்கு அவர்கள் அடங்கிக் கிடந்த காலமாம். பிள்ளைகள் போன பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை.

"வில கூடிப் போச்சா டீச்சர்?"

"இல்லடி செல்வி. முன்னைவிட மலிவுதான்."

"பின்னே வாங்கிக் குடிக்க வேண்டியதுதானே! தேயிலயக் கொண்டு கடல்ல கொட்ட மனசு வருமா?"

கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தீர்கள். "வரி சின்னதுதான். எங்கள ஒரு வார்த்தை கேக்காம அங்கேர்ந்தே எப்படிப் போடலாம்னு அவா கேட்டா. மனு எழுதினா, கெஞ்சினா. ராஜா காதுல போட்டுக்கலை. அப்பறம்தான் சண்டை."

அந்த நேரம் பார்த்துச் சுவரிலிருந்த கேமரா பேசியது. "அம்மா, மறுபடி டீயா? சர்க்கரை ஏறிடும்." அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன்.

"இப்போ ராஜா அங்க குடிபோயிட்டான்" என்று என் காதில் சொன்னீர்கள்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவருக்கு அங்கே தூக்கமில்லை. அந்தப் பயத்தில்தான் கொச்சியில் ஒரு முதியோர் இல்லத்தில் உங்களுக்கு இடம் பேசி முடித்துவிட்டுச் சொன்னார். வேண்டாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தீர்கள். "உன் நல்லதுக்குத்தாம்மா" என்றார். அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தீர்கள்.

மறுநாள் நாற்காலியில் ஏறி, ஈரத்துண்டை எடுத்துக் கேமரா மேல் போடப் போனீர்கள்.

"அய்யோ டீச்சரே, கரண்டு அடிக்கும்!"

"அப்போ உலர்ந்ததைக் கொண்டா."

கொண்டுவந்து கொடுத்தேன். உடனே போன் அடித்தது. எடுத்தீர்கள். "உசிரோடதான் இருக்கேன்டா. நான் எங்க இருக்கணும்னு என்னை ஒரு வார்த்தை கேளு. துண்டை எடுத்துடறேன்."

"சரி, எங்க இருக்கணும்மா உனக்கு?" என்று கேட்டார்.

"இங்கதான்டா."

அங்கேயேதான் இருந்தீர்கள். உங்கள் கட்டிலிலேயே கண் மூடினீர்கள். கடைசியில் என் கை உங்கள் கைக்குள் இருந்தது.

இப்போது என் மகளுக்குத் தென்காசியிலிருந்து வரன் வந்திருக்கிறது. என் அண்ணன் போனிலேயே நாள் குறித்துவிட்டார். நல்ல இடம்தான் என்கிறார்கள். "சின்னப் புள்ளகிட்ட என்னத்தக் கேக்க? நீ சரின்னு சொல்லு" என்று காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்.

நான் இன்னும் சொல்லவில்லை, டீச்சர். ஜவுளிக்கடை வேலை முடிந்து அவள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். வரட்டும்.