பப்பாவுக்குக் கல் வேண்டாம்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை
பெப்ரவரி 9

அன்புள்ள மகள் ரொஷேலுக்கு,

நீயும் மருமகனும் மெல்பேர்னில் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். இங்கே நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போய் வருகிறேன், அதைச் சுகம் என்றே வைத்துக்கொள். ஏன் கடிதம் என்று கேட்பாய். வட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிடமே கோல் எடுப்பாய், எனக்குக் கதைக்க வராது. பப்பாவின் கல்லறைப் படம் கேட்டு மூன்று தரம் எழுதிவிட்டாய், கல் வெட்டுபவருக்கு அளவு வேண்டும் என்றாய். அவரை நிறுத்தச் சொல். பப்பாவின் குழியில் இப்போது வேறு ஒருவரை அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். செப்டம்பரில் புத்தளத்துக்கு அப்பால் காட்டோரத்தில் பழைய ஈமக்கல்லறைகளைக் கணக்கெடுக்கப் போனேன் அல்லவா, வரைபடம் போடும் ஆள் நான் ஒருத்திதான். கற்பலகைகளை நான்கு பக்கமும் நட்டு மேலே மூடுகல் வைத்த குழிகள், அறுபத்தொன்று. ஒவ்வொன்றையும் நாடா பிடித்து அளந்து, எண் போட்டு, வடக்கு எது என்று குறித்து வரைந்தேன். ஒரு குழியில் இருந்த தாழிக்குள் மூன்று பேருடைய எலும்பு இருந்தது. எங்கள் குழுத் தலைவர் நபீஸ், மாளிகாவத்தைப் பொடியன், எப்போதும் பகிடி. மாக்ரெட் அக்கா, இவங்களுக்கு லீஸ் முடியுறதே இல்ல, வாடகையும் இல்ல என்றான். நானும் சிரித்தேன். மழை இறங்குவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் நவம்பர் இரண்டாம் திகதி ஆத்துமாக்கள் திருநாளுக்கு நான் வரவில்லை. பிறெடி சித்தப்பாவைப் போகச் சொன்னேன். முதல் நாள் பெய்த மழையில் கல்லறைத் தோட்டத்து வாசற்பக்கம் சேறு, அவர் அங்கே போகாமல் பின்பக்க மதிலால் ஏறி, நடுவில் உள்ள பெரிய சிலுவைக்குக் கீழே மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். அங்க கொளுத்தினா எல்லாருக்கும் போய்ச் சேரும்தானே மச்சாள் என்றார். ஓம் என்றேன். உனக்கும் அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன்.

பத்து வருடத் தவணை முடிந்த குழிகளின் எண்களை வாசல் பலகையில் ஒட்டுவார்கள், ஒரு மாதத்துக்குள் ஆள் வராவிட்டால் திறப்பார்கள். ஒவ்வொரு வருடமும் திருநாளன்று உள்ளே போகும்போது அதை வாசித்துவிட்டுத்தான் போவோம், உனக்குத் தெரியும். இந்தத் தடவை பப்பாவின் எண் ஒட்டியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. அக்கா, ஒருத்தரும் வரல்ல, ஆக்கள் வெளிநாடு போயிட்டாங்களெண்டு நினைச்சம் என்று, நீ கேட்ட படம் எடுக்கப் போனபோது காவற்காரர் சொன்னார். எலும்பு எங்கே என்று கேட்டேன். அதே குழியிலதான், கீழ தாட்டிட்டம், பயப்படாதீங்க என்றார். நான் அழவில்லை, அழுகை வரும் என்று வீட்டுக்கு வந்து காத்திருந்தேன், வரவில்லை. சித்தப்பாவை ஏசாதே, பிழை என்னுடையது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்தவனுக்கு முள்வேலியும் காவலும் போடுகிறார்கள், துறைமுகத்தில் முப்பது வருடம் சுமை இறக்கிய உன் பப்பா நோபேட்டுக்குப் பத்து வருடம். வசதியுள்ளவர்கள் நிரந்தர நிலம் வாங்கிக்கொள்கிறார்கள். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். பப்பாவின் குழியில் மட்டக்குளியைச் சேர்ந்த பிறிஜெற் என்ற அம்மாவை அடக்கியிருக்கிறார்கள். அவவின் மகன், நாற்பது வயது இருக்கும், மரச் சிலுவைக்கு வெள்ளை அடித்துக்கொண்டு நின்றார். என்ன அளக்கிறீங்க ஆன்ட்டி என்றார். ஒரு வேலைக்கு என்றேன். தனிய கஷ்டம், தாங்க என்று மறுமுனையை வாங்கி மதிலோடு சேர்த்துப் பிடித்தார். கிழக்கு மதிலில் இருந்து பதினாலு மீற்றர் இருபது, தண்ணீர்க் குழாயில் இருந்து ஒன்பது மீற்றர். வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன், வடக்கும் குறித்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. கீழே பப்பா இருப்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை, இப்போதுதான் தாயைப் புதைத்தவர். டிசம்பரில் நீ வந்து பார்க்கும்போது அவர் நின்றாலும் நீயும் சொல்லாதே, பிறிஜெற் அம்மாவுக்கும் சேர்த்துச் செபம் சொல்லிவிட்டு வா.

வெயிலுக்குத் தலையை மூடிக்கொண்டு போ. மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக. கல் வெட்டுபவரிடம் இன்றைக்கே சொல்லிவிடு.

அன்புடன் அம்மா,
மாக்ரெட் நோபேட்