பிறந்த வீட்டுக் கோடி

9 செப்டம்பர் 1973

மலையிலிருந்து ஏலக்காய் வந்தது. ஜீப்பில் இருந்து மூட்டை இறக்கி முடிப்பதற்குள் அத்தை ஓடி வந்து நின்றாள். "பால்பாண்டி வாரான்த்தா, பொண்டாட்டியோட. சாயங்கால ரயிலு."

வரட்டும். எனக்கென்ன?

அத்தை பெற்ற ஒரே மகன். நான் பிறந்த அன்றே அவருக்கென்று பேசி வைத்தது சிலமலை ஊர் முழுக்கத் தெரியும். பட்டாளத்து விமானம் ஓட்டப் பெங்களூர் போனவர், அங்கேயே ஒரு டீச்சரை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டார். வேற சாதி. அவளைப் பெற்றவர்கள் தலைமுழுகிவிட்டார்களாம். நானும் மச்சானைத் தலைமுழுகிவிட்டேன். எழுதி வைக்கத்தான் முடிகிறது.

11 செப்டம்பர்

பார்த்துவிட்டேன். பெயர் சந்திரவல்லி. நிறம் என்னைவிடக் கம்மிதான். ஆனால் அந்தக் கண்ணு! காதில் மூக்கில் ஒன்றுமே போடாமல் ஒருத்தி எப்படி இவ்வளவு லட்சணமாக இருக்கிறாள்? எரிச்சலாக வருகிறது.

எங்கள் வீட்டில்தான் விருந்து. அய்யா கேட்டார், "ஏன் மாப்ளே, சண்டைதான் முடிஞ்சிருச்சே. இப்ப என்ன சோலி?"

"புதுசா ஒரு விமானம் செஞ்சிருக்காங்க மாமா. யாரும் ஓட்டாதது. நாந்தான் மொதல்ல ஏறி ஓட்டணும். எங்க இழுக்குது, எங்க நடுங்குதுன்னு பாத்து வந்து சொல்லணும்."

"நடுவுல நின்னு போச்சுன்னா?" என்றேன் நான்.

கேட்டது நான். மச்சான் அவளைப் பார்த்துச் சிரித்தார். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் இதை ஏற்கெனவே பேசித் தீர்த்திருக்கிறார்கள். ரசம் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

13 செப்டம்பர்

போய்விட்டார்கள். நிம்மதி. (பொய்.)

2 டிசம்பர்

பேப்பரில் படம் போட்டிருக்கிறான். எங்கள் மலைச்சாமி அண்ணன் போடியிலிருந்து வாங்கி வந்து தெரு முழுக்கக் காட்டுகிறது. விமானத்தின் முதல் ஓட்டத்துக்கு முன்னால் பூசையாம். அதன் மூக்கில் சந்திரவல்லி குங்குமம் வைக்கிறாள். மச்சான் விமானத்தைப் பார்க்கவில்லை, அவள் கையைப் பார்க்கிறார்.

அது என் கையாக இருக்க வேண்டியது.

ஏலக்காய் தரம் பிரிக்க வந்த பெண்கள் படத்தைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தார்கள். "ஏன் அன்னக்கொடி, உன் மச்சான் பொண்டாட்டி எம்புட்டு அழகு!" என்றாள் மொக்கம்மாள். எனக்கு வாய் நிற்கவில்லை. "அழகு கெடக்கட்டும். பெத்தவுக வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்ட கையி. அந்தக் கை தொட்டது வெளங்குமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

17 ஜனவரி 1974

தந்தி வந்துருச்சு. மச்சான் போயிட்டாரு. விமானம் விழுந்துருச்சாம். ஐயோ.

19 ஜனவரி

மதுரையிலிருந்து பட்டாளத்து லாரியில் பெட்டி வந்தது. அவளும் வந்தாள். கூட வந்த ஆபீசர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: பல தடவை பறந்த விமானம்தான். அன்றைக்குத் தரையை விட்டு எழும்பியதுமே எஞ்சின் நின்றுவிட்டது. குதிக்கிற அளவுக்கு உயரம் இல்லை. அவள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

பெட்டியைத் திறக்கக் கூடாதாம். "மொகத்த மட்டும் காட்டுங்கய்யா" என்று அத்தை பெட்டியை அடித்து அடித்துக் கை வீங்கிவிட்டது.

எழுதக் கூசுகிறது. அவள் பெட்டிமேல் தலை சாய்த்துக் கிடந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்தது அழுகை இல்லை. பொறாமை. அறுக்கிறதற்கு அவளுக்கு ஒரு தாலி இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? மாமன் மகளாக ஓரத்தில் நின்று மாரடித்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

தூக்குவதற்கு முன்னால் கோடித்துணி போட வேண்டும். செத்தவருக்குத் தாய்மாமன் வீட்டுக் கோடி. தாலியறுக்கிறவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி. அய்யா புது வேட்டியைப் பெட்டிமேல் விரித்தார். அவளுக்கு யாரும் வரவில்லை.

"பொண்ணு வீட்டுக் கோடி யாருப்பா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

அத்தைதான் எழுந்தாள். "அவளுக்கு எதுக்குக் கோடி? பெத்தவுக வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்ட கையி! அந்தக் கையால பொட்டு வச்சுத்தான எம்புள்ள போயிட்டான்! வந்த லாரியிலயே ஏத்தி விடுங்க!"

என் வார்த்தை. ஊரெல்லாம் சுற்றி அத்தை வாய்க்குப் போயிருக்கிறது. மொக்கம்மாள் என்னைப் பார்த்தாள்.

சந்திரவல்லி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம்பிவிட்டாள்! அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அண்ணனை ஓரமாகக் கூப்பிட்டேன். "வெரசா போடிக்குப் போயி இன்னொரு கோடி எடுத்துட்டு வாண்ணே. அவளுக்கு. நம்ம வீட்டுலருந்து."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா? கோடி போட்டா அவ நம்ம வீட்டுப் பொண்ணு. காலத்துக்கும் நாமதான் பாக்கணும்."

"பாப்போம்."

"அப்ப மச்சானுக்கு அவதான் மாமன் மக. நீ யாரு அன்னம்?"

ஜீப் சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்தேன். அண்ணன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனது.

திரும்பி வந்து அத்தை காலடியில் உட்கார்ந்தேன். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன்: "அத்தே, அது நான் பொச்சரிப்புல சொன்ன பேச்சு. எஞ்சின் நின்னு விழுந்துச்சு. அவ கை என்ன செய்யும்?" அத்தை என் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். வாங்கிக்கொண்டேன்.

சேலை வந்ததும் அய்யா அவள் தோளில் போர்த்தினார். அந்தச் சேலைமேல்கூட எனக்கு ஆசை வந்தது. என்ன பிறவியோ நான்.

4 பிப்ரவரி

கருமாதி முடிந்தது. அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள். அய்யா சந்திரவல்லியை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்.

3 ஏப்ரல்

ஆத்தா அவளுக்குத்தான் முதலில் சோறு போடுகிறாள். அண்ணன் பிள்ளைகள் பாடம் கேட்க அவளிடமே ஒட்டிக்கொண்டு கிடக்குதுக. வயிறு எரிகிறது. நானாக இழுத்துவிட்டுக்கொண்டதுதானே, யாரிடம் போய்ச் சொல்ல?

9 ஜூன்

ராசிங்காபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வரட்டும் என்று நானேதான் சொன்னேன். சந்திரவல்லி விடிகாலையிலேயே எனக்குத் தலை பின்னிவிட்டுவிட்டு, அவர்கள் எதிரில் படக் கூடாதென்று அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாப்பிள்ளையின் அப்பா கேட்டார், "வீட்டுல எத்தனை பொண்ணு?"

"ரெண்டு," என்றார் அய்யா. யோசிக்கவே இல்லை.

எனக்கு எரியவில்லை என்று எழுதினால் பொய். எரிந்தது. ஆனாலும் அவர்கள் போனதும் நேரே அடுப்படிக்குத்தான் ஓடினேன். "மாப்பிள்ளைக்குக் காது ரெண்டும் மொறம் மாதிரி இருக்குடி" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். இந்த வீட்டுக்கு வந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். அப்போதும் அழகாகத்தான் இருக்கிறாள், சண்டாளி.