அப்பாவை எடுக்கப் போன நாள்

இல்லை எல்பினிகி, அழவில்லை. நீ போனை வைத்தபின் கொஞ்ச நேரம் கல்லறைத் தோட்டச் சுவரில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். முழங்கால் வலி தவிர நலம். அந்த வின்னிபெக் குளிரில் நீ நன்றாக இருக்க வேண்டுமென்று மாதா படத்துக்கு விளக்கேற்றியிருக்கிறேன்.

போனில் பாதிதான் சொன்னேன். புதைத்து மூன்று வருடம் முடிந்தது, நம் ஊர் வழக்கப்படி எலும்பை எடுத்து ஒயினில் கழுவிச் சின்னப் பெட்டியில் வைக்க எல்லாம் தயார், வெள்ளைத் துணிகூடத் தைத்துவிட்டேன். மண்ணைத் தள்ளினார்கள். உன் அப்பா அப்படியே இருந்தார். கோட்டுப் பொத்தான்கூட. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உடம்பு மக்காவிட்டால் பாவம் மன்னிக்கப்படவில்லை என்பதுதானே நம் ஊர்க் கணக்கு. உன் அத்தை தோமாயிஸ்தான் முதலில் வாயைத் திறந்தாள். "பொண்ண மண்ணப் படிக்க அனுப்புனான் என் தம்பி. இப்ப மண்ணே அவன வேண்டாங்குது." அவர் பெயர் இதோடு போயிற்று என்று நினைத்தேன். அதனால்தான், பல்கலைக்கழகத்தில் மண்ணியல் பாடம் நடத்திக்கொண்டிருப்பாய் என்று தெரிந்தும், கூப்பிட்டேன்.

நீ பதறவில்லை. மண்ணைக் கையில் உருட்டிப் பார்க்கச் சொன்னாய். உருண்டது. களிமண். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் உன் குரல் கேட்டது. பிறகு கேட்டாய், "அம்மா, பெட்டிக்குள்ள ஏதாச்சும் விரிச்சியா?"

விரித்திருந்தேன். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. தக்காளிக் கொட்டகைக்காகக் கலமாதா நகரில் வாங்கிய பிளாஸ்டிக் தாள். அவருக்கு ஈரம் ஆகாதே, அந்த நெஞ்சுச் சளி உனக்குத் தெரியும். அதில் உடம்பைச் சுற்றி, மேலே கோட்டைப் போட்டுத்தான் படுக்க வைத்தேன். அத்தனை பேர் முன்பும் சொன்னேன். களிமண் போதாதென்று தாளும் சுற்றி, காற்றுப் போக வழியில்லாமல் அடைத்துவிட்டாய், அதனால்தான் மக்கவில்லை என்று விளக்கினாய், திட்டாமல். பாதிரியார் லெஃப்டெரிஸ் தாடியைத் தடவிக்கொண்டு, "மண்ணு விஷயத்த உங்க பொண்ணு முடிச்சிட்டா. நல்ல வேள, மன்னிப்ப எனக்கு விட்டுவச்சா" என்றார். தாளை அறுத்தெடுத்து, மேட்டுப் பக்க மணலில் வேறு குழி தோண்டி அவரை மறுபடி வைத்தோம். மன்னிப்பு ஜெபத்தைப் பாதிரியார் நிதானமாகப் படித்தார், நீயும் போனில் இருந்தாய். முடிந்ததும் மனதில் இருந்ததைக் கேட்டேன். உடம்பு இங்கே இருந்தது சரி, இத்தனை நாள் அவர் எங்கே இருந்தார். நீ சொன்னாய், "தெரியலம்மா." பாதிரியாரைப் பார்த்தேன். "நான் நம்புறேம்மா. தெரியும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

களிமண்ணைக் கண்டுபிடித்ததைவிட அந்தத் தெரியலம்மாவில்தான் எனக்குப் பெருமை. ஏதாவது சொல்லி என்னைத் தேற்றியிருக்கலாம். சொல்லவில்லை. உன் அப்பாவும் அப்படித்தான்.

அத்தை இப்போது ரொட்டிக் கடையில், "என் மருமக போன்லயே கண்டுபிடிச்சிட்டா" என்கிறாள். தங்கள் கல்லறை மண்ணைப் பற்றிக் கேட்க மூன்று வீட்டார் உன் எண்ணைக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், கோபிக்காதே. அப்பாவைத் திரும்ப எடுக்க இன்னும் இரண்டு வருடம் போதும் என்கிறார் பாதிரியார், நீ மூன்று என்றாய். மூன்றே இருக்கட்டும். அன்றைக்கு நீ வர வேண்டும், அவரைக் கழுவ என் இரண்டு கை போதாது. ஒயினை எடுத்துவைத்திருக்கிறேன். மாதா உன்னைக் காக்கட்டும். கையுறை போட மறக்காதே.

உன் அம்மா
பராஸ்கெவி

கையெழுத்துப் போட்டபின், மீதமிருந்த பிளாஸ்டிக் தாளைக் கொட்டகையிலிருந்து எடுத்துவந்து தக்காளி நாற்றுகள்மேல் விரித்தேன். ஓரங்களில் கல் வைத்தேன்.