காரணம்: மூச்சுச் சத்தம்

2025 ஜூன் 9, திங்கள்

இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு குரல்கள். நாற்பத்தேழைத் தள்ளினேன். குக்கர் விசில் பதினொன்று, காக்கை ஆறு, பக்கத்து வீட்டு டிவி ஒன்பது, மீதி எல்லாம் குழந்தைகள். வாழ்கிற வீடென்றால் சத்தம் இருக்காதா? சுடுகாட்டில் உட்கார்ந்தா படித்து அனுப்புவார்கள்? ஆனாலும் விதி விதிதான்.

இந்த லாஸ்பேட்டை மாடி அலுவலகத்தில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருடம் டைப் அடித்தவளுக்கு இது ராஜ உத்தியோகம். ஊர் ஊராக மக்கள் தங்கள் போனில் வாக்கியங்களைப் படித்து அனுப்புகிறார்கள். நான் கேட்டு, சரி அல்லது தள்ளு என்று அடையாளம் போடுகிறேன். அதை வைத்து மிஷின் நம் பேச்சைக் கற்றுக்கொள்ளுமாம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று இழுக்காமல், "நெஞ்ச அடைக்குதுங்க" என்று சொன்னாலே புரிந்துகொள்ளுமாம். நடந்தால் நல்லதுதான்.

செயலியைத் திறக்கும்போதெல்லாம் முதலில் ஒப்புதல் வாசகம் வரும். எழுத்தில் கொடுத்தால் யாரும் படிப்பதில்லை என்று மேனேஜர் இனியவன் அதை என்னைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். "உங்கள் பெயரும் ஊரும் குரலைச் சரிபார்ப்பவருக்குத் தெரியாது. வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்." அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். "இன்னாடி, ரேஷன் கடைல கூப்புடற மாதிரி இருக்குது" என்றாள்.

ஜூன் 12, வியாழன்

மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

பேச்சாளர் 2217.

திரையில் பெயர் வராது, இந்த எண் மட்டும்தான். கார்குழலி. என் தங்கை. எட்டு வருடத்துக்குப் பிறகு என் காதுக்குள் வந்து, "நாளைக் காலை ஏழு மணிக்குக் குடிநீர் வரும்" என்கிறாள்.

அவள்தானா? அவள்தான். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற அதே ராகம். நீளமான வாக்கியத்துக்கு முன்னால் மூச்சை இழுக்கும்போது சன்னமாக ஒரு விசில். ஆறு வயதில் வந்த இழுப்பு நோய். அந்த மூச்சோடு ஒரே பாயில் பத்து வருடம் படுத்தவள் நான். ஆயிரம் பேர் நடுவிலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

"இந்தப் பேருந்து விழுப்புரம் போகுமா?" — இதைப் பதினோரு தடவை கேட்டேன். பக்கத்து மேசை சரிதா, "இன்னாக்கா, தலைவலியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூன் 17, செவ்வாய்

எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

எனக்குப் பாட்டி பேர், அஞ்சலாட்சி. அவளுக்கு அப்பாவின் மில் சங்கத்துத் தோழர்கள் சேர்ந்து வைத்த பேர், கார்குழலி. பேரிலேயே அவளுக்குத்தான் யோகம். எனக்கு நிச்சயம் ஆகி ஒரு மாதத்தில் அவள் வேறு சாதிப் பையன் செம்மலோடு போய்த் தாலி கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைத் தட்டைத் திருப்பி அனுப்பினார்கள்.

மூன்றாம் வாரம் பழப்பையோடு ரெட்டியார்பாளையம் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அம்மா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நான்தான் வெளியே போனேன். "இந்த வீட்டுக்குப் பொண்ணு ஒண்ணுதான். இனிமே இந்தப் படி ஏறாத" என்றேன். அவள் வாதாடவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுப் போனாள். மறுவாரம் போன் நம்பரையும் மாற்றிவிட்டாள்.

அந்த மாப்பிள்ளையைப் போன மாதம்கூட சிக்னலில் பார்த்தேன். ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியை நடுத்தெருவில் திட்டிக்கொண்டிருந்தான். இவனுக்காகவா நான் என் தங்கையைத் துரத்தினேன்?

ஜூன் 20, வெள்ளி

சரி போட்டால் அந்தக் குரல் திரையை விட்டுப் போய்விடும். திரும்பக் கேட்க வழி கிடையாது. தள்ளினால், படித்தவர் மறுபடி படிக்க வேண்டும். மறுபடியும் என்னிடம்தான் வரும்.

நான்கைத் தள்ளினேன். நன்றாக இருந்த நான்கு. காரணம் போடாமல் தள்ள முடியாது. பட்டியலில் 'மூச்சுச் சத்தம்' என்று ஒன்று இருந்தது, அதைப் போட்டேன்.

சாயங்காலமே நான்கும் வந்துவிட்டன. வீட்டுக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 26, வியாழன்

நாற்பதில் இருபதைத் தள்ளுகிறேன். தெரிந்தேதான் செய்கிறேன்.

மூச்சை அடக்கிக்கொண்டு படிக்கிறாள். அந்த ராகம் போய்விட்டது. ஒவ்வொரு சொல்லையும் முட்டை வைப்பதுபோல் வைக்கிறாள். இன்று ஒரு வாக்கியத்தின் கடைசியில் அடக்கினது வெடித்து இருமிவிட்டாள். இருமல் நின்றதும் அதையே மறுபடி படித்து அனுப்பியிருந்தாள். சரி போட்டதற்கு மட்டும்தான் காசு. இந்தக் காசுக்காக இப்படி உட்கார்ந்து படிக்கிறாளே, என்ன கஷ்டமோ?

நான் கேட்க ஆசைப்பட்டது அந்த மூச்சைத்தான். அதையே குற்றமென்று எழுதி எழுதி அனுப்புகிறேன். நாளையிலிருந்து எல்லாவற்றுக்கும் சரி.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் ஒன்பது. கடைசி என்று நேற்றும் சொன்னேன்.

ஜூலை 2, புதன்

2217 இல்லை.

பத்துக்கு நாலு என்று மூன்று நாள் தொடர்ந்து தள்ளப்பட்டால் செயலி அந்த ஆளைத் தானாக மூடிவிடுமாம். 'தரம் போதவில்லை' என்று ஒரு செய்தி போகுமாம். அவ்வளவுதான். இனியவனிடம் கேட்டேன், யார் பார்த்து முடிவு செய்தது என்று. "யாரும் பாக்கறது இல்லக்கா. சிஸ்டம் தானா பண்ணிடும்."

தானா பண்ணுதாம். அதுக்கு இன்னா தெரியும்? நான் போட்ட அடையாளத்த நம்புச்சு. மனுஷிய நம்புனதுதான் அது செஞ்ச தப்பு.

ரெண்டாவது தடவையும் அவ மூஞ்சில கதவ சாத்திட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு நாளாக ஒரே பாட்டு. "ஆபீசுல நம்பர் இருக்குமில்ல? பாத்து எழுதினு வாயேன்டி."

"பாக்கக் கூடாதும்மா. பேர் ஊர் தெரியாதுன்னு சொல்லித்தான் பேச வெச்சிருக்கோம்."

"பெத்தவளுக்கு இன்னாடி ரூல்சு?"

விளக்கை அணைத்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

பேச்சாளர்களின் பெயர், ஊர், எண் எல்லாம் இனியவன் கணினியில் மட்டும் உண்டு. சாப்பிடப் போகும்போது அவர் அதைப் பூட்டுவதில்லை. இன்று சரிதாவும் லீவு. போய் உட்கார்ந்தேன். 2217 என்று அடித்தேன். இன்னும் ஒரே ஒரு விசை.

அழுத்தவில்லை. நான் உத்தமி என்று இல்லை. அவள் நம்பரை மாற்றியதே நான் கூப்பிடக் கூடாது என்றுதான். அன்றைக்கு அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் விஷயத்தை நான் முடித்தேன். இன்றைக்கும் கேட்காமல் போய் நின்றால், நான் எங்கே மாறினேன்?

எண்ணை அழித்துவிட்டு எழுந்து வந்தேன். அம்மா இரவு என்னோடு பேசவில்லை.

ஜூலை 7, திங்கள்

இனியவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை என்பது, தள்ளினது, அவர் நாற்காலியில் உட்கார்ந்தது வரைக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை. என்னைவிட வயதில் சின்னவர், முகம் வெளுத்துவிட்டது. கையில் எடுத்த டீயை அப்படியே கீழே வைத்தார்.

"வேலைய விட்டு நிறுத்தணும்னா நிறுத்துங்க சார்" என்றேன். நான் அவரை சார் என்றது முதல் தடவை.

"அத மேல சொல்லிட்டுப் பாக்கலாம்" என்றார். பிறகு, "இதுவரைக்கும் சிஸ்டம் எத்தன பேர மூடியிருக்குன்னு நான் பாத்ததே இல்லக்கா. அதுவும் தப்புதான்."

பார்த்தோம். அறுபத்திரண்டு பேர்.

ஜூலை 15, செவ்வாய்

வேலை இருக்கிறது. எழுத்தில் ஓர் எச்சரிக்கை. 2217-இன் குரல் இனி சரிதாவிடம்தான் போகும், என் திரைக்கு வராது. அவள் பழைய பதிவுகளை சரிதா மறுபடி கேட்டு முழுக்கச் சரி போட்டாள். கதவும் திறந்தாயிற்று. இனி ஒரு ஆள் உட்கார்ந்து கேட்காமல் யாரையும் மூடக் கூடாது என்று புது விதி.

மற்ற அறுபத்தோரு பேரையும் நான் கேட்க வேண்டும். தண்டனையா என்று தெரியவில்லை. கேட்கிறேன். கனகசெட்டிக்குளத்துப் பேச்சு என்று கேட்டதுமே தெரிந்த ஒரு மீனவர், பின்னால் கடல் இரைகிறது. கடற்கரையில் குடியிருக்கிறவர் கடலை எங்கே கொண்டுபோய் வைப்பார்? கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு படிக்கிற ஒரு பெண். பக்கவாதம் வந்து வாய் குழறுகிற ஒருவர். ஆஸ்பத்திரிக்கு முதலில் போன் போடப்போவதே இவர்கள்தான், இவர்களைத்தான் தள்ளி வைத்திருக்கிறோம். சிலதை நானே தள்ளியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் சரி போட்டுக் காரணமும் எழுதினேன்.

ஜூலை 22, செவ்வாய்

கதவு திறந்தும் அவள் வரவில்லை. 'தரம் போதவில்லை' என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டால் எப்படி வருவாள்?

சரிதா காதில் கருவி மாட்டும்போதெல்லாம் அவள் முகத்தையே பார்க்கிறேன். "வரலக்கா" என்று அவளாகவே சொல்கிறாள். சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறாள்.

அந்தக் குடிநீர் வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். ராகம் வருகிறது, மூச்சு வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

மூடப்பட்ட எல்லோருக்கும் மன்னிப்புச் செய்தி அனுப்புகிறார்கள். குரலில் போகவேண்டும், என்னைப் படிக்கச் சொன்னார் இனியவன். நான் வேண்டாம் என்றேன். "செயலியில இருக்கறது உங்க குரல்தான்க்கா. வாக்கு குடுத்தவங்கதான மன்னிப்பும் கேக்கணும்" என்றார். வயசுக்கு மீறிப் பேசுகிறார் சில நேரம்.

"உங்கள் குரல் நன்றாகத்தான் இருந்தது. தவறு எங்களுடையது. உங்களைக் கேட்காமல் கதவை மூடிவிட்டோம். மன்னிக்க வேண்டும். விருப்பம் இருந்தால் மறுபடி வாருங்கள். பேச வேண்டுமானால் அலுவலக எண்ணுக்கு அழையுங்கள். பெயர் சொல்லத் தேவையில்லை."

அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே சொற்கள். அவளுக்கென்று ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்கலாமா என்று கேட்கவுமில்லை. ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பிறகு பாத்ரூமில் போய் நின்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அலுவலகப் போன் என் மேசையில்தான். இதுவரை ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். மீனவர் கூப்பிட்டு, "அப்ப கடல நிறுத்தத் தேவயில்லயாம்மா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பதினொன்றே கால் மணி.

"2217 பேசறேன்."

"சொல்லுங்க" என்றேன். வேறென்ன சொல்ல? கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் வந்தது. அந்த விசிலோடு.

"உன் கொரல்னு மொத நாளே தெரியும்க்கா. பேர் ஊர் தெரியாதுன்னு நீ சொன்ன பாரு, அதக் கேக்கத்தான் தெனம் தொறப்பேன். ரெண்டு வாக்கியம் படிச்சிட்டு மூடிட்டு, மறுபடியும் தொறப்பேன்."

"அப்ப ஏன்டி கூப்புடல?"

"வாசல்ல சொன்னத நீ திருப்பி எடுக்கவே இல்லயே. மன்னிக்கணும்னு நீ சொல்லி நான் கேட்டதே இல்லக்கா. ஏழு வாட்டி போட்டுக் கேட்டேன்."

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். முடியவில்லை. அவளை ஏமாற்றி ஒரு வார்த்தைகூட வாங்க வேண்டாம் என்று தோன்றியது. "உன்னத் தள்ளுனது நான்தான் குழலி. மறுபடி மறுபடி கேக்கணும்னு தள்ளிட்டேன்."

அந்தப் பக்கம் மூச்சை இழுத்தாள்.

"மருந்து இழுத்துட்டு இழுத்துட்டுப் படிச்சேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 13, புதன்

சொல்லியிருக்க வேண்டாமோ? இல்லை. சொல்லத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

போன் வரவில்லை. அழைத்தவர் நம்பர் அந்தப் போனில் இருக்குமே என்று அம்மா கண்டுபிடித்துவிட்டாள். பொல்லாத கிழவி. இருந்தது. அன்றைக்கே அழித்துவிட்டேன் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எனக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அழிக்கும்போது பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் கடைசி இரண்டு எண் கண்ணில் பட்டுவிட்டது. அந்த இரண்டையும் மறக்க மாட்டேன் போலிருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

குழலிக்கு ஒரு பெண் இருக்கிறாளாம், ஐந்து வயது. அவளுக்கும் இழுப்பு உண்டாம். செம்மல் சௌக்கியமாகத்தான் இருக்கிறாராம். என்னை மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "இன்னும் கோவமாத்தான் இருக்கேன். நேர்ல வந்து திட்டு வாங்கிக்கோ" என்றாள். ஊரும் தெருவும் எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதும் அவளே சொன்னாள், நான் கேட்காமல்.

அந்த ஊரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னிடம்தான் சொன்னாள்.

நாளைக் காலை ஆறரைக்குப் பஸ். அம்மாவுக்கு ஜன்னலோரம் வேண்டுமாம், இல்லாவிட்டால் வாந்தி வருமாம். எந்த ஊர் என்று மூன்று தடவை கேட்டாள். பஸ்ஸில் ஏறியதும் சொல்கிறேன் என்றேன். "சரி, நீயே வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, இப்போது உள்ளே பழம் எண்ணிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.