பதிவேட்டில் ஒற்றைக் கோடு

ஹில்ஸ்டன்
4 மார்ச் 1989

அன்புள்ள நெர்,

நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் அக்கா வின்னியின் இடுப்பு எப்படி இருக்கிறது? இங்கே மழை இல்லை. வெட்டுக்கிளி வந்து உன் காய்கறிப் பாத்தியை மொட்டையடித்துவிட்டுப் போனது. அதில் ஏற்கெனவே ஒன்றும் இருக்கவில்லை என்பது வேறு விஷயம். நம் நாய் பிஸ்கட்டுக்குப் பதினான்கு வயதாகிறது. காது சுத்தமாகக் கேட்கவில்லை, கூப்பிட்டால் வராது, ரொட்டி டப்பாவைத் திறந்தால் மட்டும் காலடியில் வந்து நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் குட்டி விமானத்தை, டாட்டியை, விற்கப் போகிறேன். கண் டாக்டர் இனி பறக்கச் சீட்டுத் தர மாட்டாராம். "கிளெம், ஓடுபாதையில ஏதோ நிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். அது ஆடுன்னு தெரியறதுக்குள்ள ஆடு செத்திருக்கும்" என்றார். நீ போனபிறகு அவளை ஸ்டார்ட் செய்வதும் பெரும்பாடாகத்தான் இருந்தது. வாலை வேலிக் கம்பத்தில் கட்டிவிட்டு நானே முன்னால் போய் விசிறியைச் சுழற்றிவிட்டு, ஓடிவந்து ஏறிக்கொள்வேன். அறுபத்திரண்டு வயதில் பார்க்கிறவர்களுக்கு நல்ல வேடிக்கை.

மில்டுராவிலிருந்து ஆல்பி என்று ஒருவரும் அவர் மனைவி தெல்மாவும் வந்து பார்த்தார்கள். நாற்பத்தாறாம் வருடத்து விமானமா இது என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். பிடித்துவிட்டது. ஆனால் பறந்ததும் பழுது பார்த்ததும் எழுதிய பதிவேடு இல்லாமல் வாங்க மாட்டார்களாம். நியாயம்தான், பதிவேடு இல்லாத விமானம் வெறும் இரும்புக் குழாயும் துணியும். வீடு முழுக்கத் தேடிவிட்டேன். உன் சமையல் புத்தகங்களோடு தவறி அங்கே வந்திருக்குமோ? நீல அட்டை. இருந்தால் அனுப்பு. டாட்டியில் பாதி உன்னுடையது என்பதால் விற்பனைத் தாளையும் வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போடு.

உன் தோல் கையுறை ஒன்று இன்னும் ஷெட் ஆணியில் தொங்குகிறது. அதன் ஜோடியைக் காணவில்லை.

ஊரில் எல்லோரும் உன்னை விசாரிக்கிறார்கள். "அக்காவைப் பாத்துக்கப் போயிருக்கா" என்று சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
கிளெம்


பர்னி, டாஸ்மேனியா
17 மார்ச் 1989

அன்புள்ள கிளெம்,

எழுத்து கோணலாக இருக்கும். இந்த ஐந்து வருடத்தில் இடது கை இவ்வளவுதான் கற்றுக்கொண்டிருக்கிறது. போனில் பேசியிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசாமல் இருப்பாய், நான் நாய் மூச்சுவிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அதற்கு இது மேல்.

வின்னி எழுந்து நடக்கிறாள். நடந்து வந்து என் சமையலில் குறை கண்டுபிடிக்கிறாள். நான் வாரத்தில் நான்கு நாள் நூலகத்துக்கு வேலைக்குப் போகிறேன்.

பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது. தவறி வரவில்லை. பெட்டியில் முதலில் வைத்ததே அதைத்தான், துணியெல்லாம் அதற்கு மேல்.

தருகிறேன். அதற்கு முன் ஒன்று செய்ய வேண்டும். 1984 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை. அந்தப் பக்கத்தில் நீ எழுதியது தவறு. திருத்து. எப்படி என்று நீதான் எனக்குச் சொல்லித் தந்தாய். சுரண்டக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது தெரியும்படி. பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்து. "தப்பும் படிக்கத் தெரியணும் நெர், அப்பதான் அது பதிவேடு" என்று என் தலையில் தட்டிச் சொன்னாய்.

திருத்துகிறேன் என்று ஒரு வரி எழுது. புத்தகம் வரும்.

நெரிடா


ஹில்ஸ்டன்
2 ஏப்ரல் 1989

அன்புள்ள நெர்,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். நூலகத்தில் வேலை பார்த்தால் இப்படித்தான், ஊரிலுள்ள புத்தகத்துக்கெல்லாம் திருத்தம் சொல்லத் தோன்றும். அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். மெக்கானிக் கஸ்ஸின் கண் முன்னால்தான் எழுதினேன். "சுவிட்ச் ஆஃப் செய்திருந்தும், கையால் சுழற்றும்போது இன்ஜின் பற்றிக்கொண்டது. காரணம், இன்ஜினை அணைத்துவைக்கும் சுவிட்ச் வயர் அறுந்திருந்தது. புது வயர் போடப்பட்டது." இதில் எது தவறு? தேதியா? சனிக்கிழமைதான், காலண்டரில் பார்த்துவிட்டேன்.

உன் கைக்கு நேர்ந்ததை நினைத்து நான் வருந்தாத நாள் இல்லை. வேண்டுமானால் நூறு முறை எழுதித் தருகிறேன். அதற்காகப் பழைய பதிவை ஏன் கிளற வேண்டும்? அதைப் படித்தால் வாங்க வந்தவர்களும் மிரளுவார்கள்.

பிஸ்கட் புதன்கிழமை போய்விட்டது. அடுப்படியில் படுத்தது, எழுந்திருக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புதைத்தேன். தரை கல்லாக இருந்தது, அரை நாள் ஆயிற்று. வீட்டில் சத்தமே இல்லை.

மே மாதம் ஆல்பியும் தெல்மாவும் ஓட்டிப் பார்க்க வருகிறார்கள். அதற்குள் புத்தகம் வந்தால் நல்லது.

அன்புடன்,
கிளெம்


பர்னி
20 ஏப்ரல் 1989

அன்புள்ள கிளெம்,

பிஸ்கட்டுக்காக வருந்துகிறேன். அதன் மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை. அன்று நீ பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

உனக்கு மறந்திருந்தால் நான் சொல்கிறேன். பதினாறு வருடம் நீ இருக்கையில் இருப்பாய், நான் முன்னால் விசிறியடியில் நிற்பேன். பற்றவைக்கும் முன் பெட்ரோல் உள்ளே போக, சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போதே விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். "சுவிட்ச்?" என்று கேட்பேன். நீ சுவிட்சைத் தொட்டுப் பார்த்து "ஆஃப்" என்பாய். அந்தச் சொல்லைக் கேட்காமல் நான் விசிறியில் கை வைத்ததில்லை. அன்று நான் கேட்டபோது நீ வேலிப் பக்கம் திரும்பி, "டேய் பிஸ்கட், ஆட்டை விடுடா!" என்று கத்தினாய். அதே மூச்சில் "ஆஃப்" என்றாய். உன் கை சுவிட்சுக்குப் போகவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தும் உன் சொல்லை நம்பி விசிறியைப் பிடித்தேன், அது இரண்டு விரலைக் கொண்டுபோனது.

அதுகூடப் பரவாயில்லை, யாருக்கும் நேரும். மறுநாள் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "வயர் அறுந்துபோச்சு நெர்" என்றாய். அந்த வயரைப் போட்டது யார்? என் விரல்கள் மெலிது என்று அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இன்ஜினுக்குப் பின்னால் கையை நுழைத்து இழுத்துப் பூட்டியது நான். கஸ் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கே இவ்வளவு சுத்தமா வராதும்மா" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்தேன். புதன் காலை நீ ஆடுகளுக்கு மருந்து கொடுக்கப் போயிருந்தாய். கையுறையை எடுக்கிறேன் என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். இன்ஜின் மூடியைத் திறந்து, இடது கையால் வயரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தடவினேன். முழுசாக இருந்தது. கையுறையை எடுக்க மறந்து வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கஸ் வந்து பார்த்தபோது வயர் அறுந்திருந்தது.

புதன்கிழமை தேநீருக்கு உட்கார்ந்தபோது நீ சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். "மழை வரும்போல இருக்கே" என்றாய்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம். கிளப்பில், கண்காட்சியில், கம்பளி ஷெட்டில், எங்கே போனாலும், "ஐயோ பாவம், அவளே போட்ட வயராமே" என்ற அனுதாபம். நான் தலையாட்டினேன். கஸ் அதன்பிறகு யார் விமானத்தையும் தொடவில்லை, அதற்கும் தலையாட்டினேன். எண்பத்தேழு பிப்ரவரியில், கிளப் விருந்தில், புதிதாக வந்த பாதிரியாருக்கு நீ மறுபடி அந்தக் கதையைச் சொன்னாய். உன் கை என் தோளில் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை. தட்டிலிருந்த பாவ்லோவா கேக்கைக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டேன். அப்போதுதான் பயந்தேன். மறுநாள் பெட்டி கட்டினேன்.

ஏன் போகிறாய் என்று நீ கேட்கவில்லை. பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, "வின்னிக்கு என் அன்பைச் சொல்லு" என்றாய்.

நெரிடா


ஹில்ஸ்டன்
21 மே 1989

அன்புள்ள நெர்,

மூன்று முறை எழுதி அடுப்பில் போட்டேன். இதையாவது தபாலில் போட வேண்டும்.

நேற்று அவர்கள் வந்தார்கள். ஆல்பி இருக்கையில் ஏறினார், தெல்மா முன்னால் வந்து நின்றாள். உன் உயரம்தான் இருப்பாள். உன்னைப் போலவே தோல் கையுறை. விசிறியைத் தொடுவதற்கு முன் என்னிடம், "உங்க வீட்டம்மாவுக்கு நடந்ததைக் கேள்விப்பட்டோம் கிளெம். அந்த வயரைத்தான் மாத்திட்டீங்களே, அப்புறம் என்ன பயம்?" என்றாள். ஆல்பியைப் பார்த்து, "யோவ், வயர் புதுசு. நீ தூங்கினாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது!" என்று சிரித்தாள். பிறகு "சுவிட்ச்?" என்றாள். அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டு எழும்பியது. ஆல்பி அதைப் பார்த்துக்கொண்டே, "ஆஃப்" என்றார்.

நான் ஓடினேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க, என்ன ஆச்சு உங்களுக்கு?"

"வயர்ல ஒண்ணுமில்லம்மா. எப்பவும் ஒண்ணுமில்ல. சுவிட்ச் ஆன்ல இருந்துச்சு. நான் பாக்காம ஆஃப்னு சொல்லிட்டேன்."

"அப்ப அறுந்த வயர்?"

"நான்தான் வெட்டினேன்."

ஆல்பி குனிந்து சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். ஆஃப்பில்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு முறை தொட்டுப் பார்த்தார். தெல்மா கையுறையைக் கழற்றினாள். "உங்க வீட்டம்மாவுக்கு இது தெரியுமா?" என்றாள். "தெரியும்" என்றேன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வியாழக்கிழமை, வேலிக் குறடால் வெட்டினேன். ஆஸ்பத்திரியில் வாய் தவறிச் சொன்ன பொய்யை நிஜமாக்க வேண்டியிருந்தது. பறக்கும் உரிமம் போய்விடும் என்று மட்டும்தான் நினைத்தேன். அது நீ போட்ட வயர் என்பது என் நினைவுக்கே வரவில்லை, நெர். உனக்கு இது இன்னும் மோசமாகத் தோன்றும், ஆனால் உண்மை அதுதான். நினைவு வந்தபோது கதை ஊர் முழுக்கப் போயிருந்தது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புத்தகத்தை அனுப்பு. அவர்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் திருத்துகிறேன்.

கிளெம்


பர்னி
30 மே 1989

கிளெம்,

புத்தகத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். திருத்திவிட்டு எனக்கே திருப்பி அனுப்பு, பார்க்க வேண்டும். கசியாத பேனாவாக எடு.

நெரிடா


ஹில்ஸ்டன்
11 ஜூன் 1989

அன்புள்ள நெர்,

புத்தகம் இதோடு வருகிறது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன், என் கையை நம்ப முடியவில்லை.

கஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். வாசலில் நின்றபடியே கேட்டார். "அஞ்சு வருஷம், கிளெம்" என்றார். கதவைச் சாத்தவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. கிளப்பிலும் சொல்லிவிட்டேன். இப்போது என் மேசைக்கு யாரும் வருவதில்லை, அதனால் சாப்பாடு சீக்கிரம் முடிகிறது.

ஆல்பியும் தெல்மாவும் வாங்கிக்கொள்கிறார்கள். தெல்மாதான் முடிவு செய்தாளாம். ஒரு நிபந்தனை, இனி இருக்கையில் அவள், விசிறியில் ஆல்பி. ஜூலை முதல் தேதி எடுத்துப் போகிறார்கள்.

அதற்கு வருவாயா? டாட்டி உன்னுடையதும்தானே. பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்கிறேன். உன் அறை அப்படியே இருக்கிறது. பாத்தியைக் கொத்தி வைத்திருக்கிறேன். அன்று கேட்காததை இப்போது கேட்கிறேன், ஏன் போனாய் என்றல்ல, அது தெரிந்துவிட்டது. திரும்பி வருவாயா?

உன்,
கிளெம்


பர்னி
24 ஜூன் 1989

அன்புள்ள கிளெம்,

புத்தகத்தை வாங்கிக்கொண்டு தபால் நிலைய வாசலிலேயே பிரித்தேன். கோடு நேராக இருக்கிறது. அடியில் உள்ளது படிக்கத் தெரிகிறது. பக்கத்தில் உன் எழுத்து. "சுவிட்ச் ஆனில் இருந்தது. பார்க்காமல் ஆஃப் என்றேன். வயரை நானே பிறகு வெட்டினேன். வயரைப் போட்டவர் வேலையில் எந்தக் குறையும் இல்லை." கடைசி வரியை நான் கேட்டிருக்கவில்லை. நன்றி.

இதைப் படிக்கும் நாளில் எனக்குள் என்னென்னவோ நடக்கும் என்று ஐந்து வருடமாக நினைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வின்னி பக்கத்தைப் படித்துவிட்டு, "ஏண்டி, அழுதியா?" என்றாள். "இல்லக்கா" என்றேன். "கொஞ்சமாவது அழேன்டி" என்று அவள் அழுதாள். மீன் நன்றாக இருந்தது.

இங்கே டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மிச்சமிருக்கும் மூன்று விரல்களையும் ஊசியால் குத்திப் பார்க்கிறார். "வலிக்குதா?" என்பார். "நீங்க குத்துறதைப் பாக்குறேன் டாக்டர், அவ்வளவுதான்" என்பேன். உன் பக்கத்தையும் அப்படித்தான் படித்தேன். சரியான இடத்தில்தான் குத்தியிருக்கிறாய். அந்தப் புதன்கிழமை, தேநீர் நேரத்தில் குத்தியிருந்தால் வலித்திருக்கும். கத்தியிருப்பேன், கோப்பையை உன் மேல் எறிந்திருப்பேன். கட்டுப் பிரித்த மறுவாரமே, ஒற்றைக் கையோடு டாட்டி முன்னால் வந்து நின்று "சுவிட்ச்?" என்று கேட்டிருப்பேன்.

விற்பனைத் தாளில் கையெழுத்துப் போட்டு, புத்தகத்தோடு நேராகத் தெல்மாவுக்கு அனுப்பிவிட்டேன்.

நான் வரவில்லை. வின்னி நன்றாக நடக்கிறாள், அதனால் அக்காவைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறேன் என்று இனி யாரிடமும் சொல்லாதே. அதற்கும் ஒரு கோடு போட்டுவிடு. "என்னை விட்டுப் போயிட்டா" என்று சொல்.

கையுறையின் ஜோடியைத் தேட வேண்டாம். அதை ஆஸ்பத்திரியில் என் கையிலிருந்து கத்தரித்து எடுத்தார்கள். ஆணியில் இருப்பது இடது கையுடையது. அதை மட்டும் அனுப்பு, இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

நெரிடா